இரும்பு, எஃகு, எவர்சில்வர்: எது எப்படித் துருப்பிடிக்கும்?

கேள்வி இதுதான்: மைல்ட் ஸ்டீல் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு, சுருக்கமாக எம்.எஸ்.), வார்ப்பிரும்பு, ஹை கார்பன் ஸ்டீல், எஸ்.எஸ். 304 (எவர்சில்வரில் ஒரு ரகம்) என்று நான்கு துண்டுகளை உப்புத்தண்ணீரில் மூன்று வாரம் போட்டுவைத்ததில், எஸ்.எஸ். அப்படியே இருக்கிறது, மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் துருப்பிடித்திருக்கின்றன. அப்படியானால் இரும்பு வகைகளுக்குள் வித்தியாசமே கிடையாதா? சரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

உங்கள் சோதனை பொய் சொல்லவில்லை. முழுக்க மூழ்கிய நிலையில் அந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் அரிக்கும். வித்தியாசம் இல்லாமல் இல்லை, அது வேறு இடங்களில் இருக்கிறது: நனைந்து நனைந்து காயும்போது, அமிலம் படும்போது, எல்லாவற்றுக்கும் மேலாக, அரித்த பிறகு மிஞ்சுவது எப்படிப்பட்ட பொருள் என்பதில். கண்ணுக்குத் தெரியும் துருவின் அளவை வைத்து முடிவு செய்தால் வார்ப்பிரும்பு விஷயத்திலும் எஸ்.எஸ். விஷயத்திலும் கட்டாயம் ஏமாந்து போவோம்.

துருப்பிடிப்பது ஒரே இடத்தில் நடக்கும் ஒரே வினை அல்ல. ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது, அது ஆனோடு. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி வேறோரிடத்துக்குப் போகின்றன, அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது, அது கேத்தோடு. வாங்குவதற்கு ஆள் இருந்தால்தான் கொடுப்பது நடக்கும், அதனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் போக முடியும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். உப்பு நீரில் இன்னும் குறைவு. இந்தச் சிறு அளவு, அசையாத நீரின் வழியே ஊர்ந்து உலோகத்தின் முகத்தை அடைய வேண்டும். வேகத்தை நிர்ணயிப்பது இந்த வரத்துதான். உள்ளே கார்பன் 0.1 சதவீதமா 3 சதவீதமா என்பது இங்கே பெரிதாகக் கணக்கில் வராது. கடல்நீரில் மூழ்கிய மைல்ட் ஸ்டீல் ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. தேயும், வார்ப்பிரும்பும் தேனிரும்பும் (கார்பன் மிகக் குறைந்த பழைய காலத்து ராட் அயர்ன்) அதே வரிசையில்தான் நிற்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்புத்தண்ணீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பினாப்தலீனும் துளித்துளி கலந்து, பளபளவெனத் தேய்த்த எஃகுத் தகட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். முதலில் நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்பும் ஆங்காங்கே கலந்து தோன்றும். சற்று நேரத்தில் அவை பிரிந்து ஒழுங்காகும்: சொட்டின் நடுப்பகுதி நீலம், விளிம்பு இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையம். நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது, இளஞ்சிவப்பு என்றால் அங்கே ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களை வாங்குகிறது. காற்று எளிதாகக் கிடைக்கும் விளிம்பு தப்பித்துக்கொள்கிறது, ஆக்ஸிஜன் கிடைக்காத நடுப்பகுதி கரைகிறது, துரு இரண்டும் சந்திக்கும் எல்லையில் படிகிறது. 1920களில் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் இதை விளக்கிக் காட்டினார். இன்றும் இதைவிடத் தெளிவான செய்முறை இல்லை. வாஷருக்கு அடியிலும், படிந்த சேற்றுக்குக் கீழும், இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கிலும் இரும்பு முதலில் போவதற்குக் காரணம் இந்தச் சொட்டுக்குள் இருக்கிறது. துரு தெரியும் இடமும் உலோகம் தேயும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

மைல்ட் ஸ்டீல் எல்லா ஒப்பீட்டுக்கும் அளவுகோல். அதன் துரு நுண்துளை நிறைந்தது, பிடிப்பில்லாதது, கரைந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. அதனால்தான் பெயின்ட் உப்பிக் கழல்கிறது, கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட்டே வெடிக்கிறது. திறந்தவெளியில் முதல் ஆண்டுத் தேய்மானத்தை வைத்து ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை சூழலை வகைப்படுத்துகிறது: காய்ந்த உட்புறத்தில் 1.3 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு), மிதமான சூழலில் 25 முதல் 50 மைக்ரான், கடுமையான கடலோர, தொழிற்சாலைச் சூழலில் 80 முதல் 200 மைக்ரான். ஒரே எஃகு, இடத்தைப் பொறுத்து நூறு மடங்கு வித்தியாசம்! எந்த உலோகம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த இடம் என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுத்தமான எஃகு அநேகமாகத் துருப்பிடிக்காது. மேலே உப்புத்தூள் படிந்திருந்தால் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் உப்பு காற்றிலிருந்து தானே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

புது எம்.எஸ். தகட்டின் மேல் இருக்கும் நீலக்கருப்புச் செதில், சூடாக உருட்டும்போது உண்டான ஆக்சைடு. பாதுகாப்பு என்று நினைத்து அதன் மேலேயே பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. தவறு. அந்தச் செதில் எஃகுக்குக் கேத்தோடாக நடந்துகொள்ளும். அதில் ஒரு கீறல் விழுந்தால், அகன்ற செதிலின் வேகம் முழுவதும் அந்த ஒடுங்கிய கீறலில் இறங்கி அங்கே குழி விழும். பிளாஸ்டிங் செய்தோ (மணல்போன்ற துகளை வேகமாக வீசியடித்தோ), அமிலத்தில் எடுத்தோ, கிரைண்டரில் தேய்த்தோ செதிலை நீக்கிய பிறகுதான் பிரைமர்.

ஹை கார்பன் ஸ்டீல் நடுநிலைத் தண்ணீரில் மைல்ட் ஸ்டீலைப் போலவே நடந்துகொள்ளும். அமிலத்தில் கதை மாறும். பி.ஹெச். 4க்குக் கீழே இறங்கினால், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஹைட்ரஜன் அயனிகளே தாராளமாக இருக்கின்றன. ஆக்ஸிஜனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வரத்துக் கட்டுப்பாடு போனவுடன் உலோகத்தின் உள்ளமைப்பு முன்னுக்கு வருகிறது. எஃகுக்குள் இருக்கும் இரும்புக் கார்பைடு படலங்கள் ஒவ்வொன்றும் குட்டிக் கேத்தோடுகளாகி, பக்கத்து இரும்பைக் கரைக்கின்றன. கார்பன் கூடினால் வேகம் கூடும். புளிப்பு எதையாவது அறுத்த கார்பன் ஸ்டீல் கத்தி சில நிமிடத்தில் கறுப்பதற்கும் அமிலத்தின் கைவரிசைதான் காரணம். மூன்று துண்டுகளையும் உப்புநீருக்குப் பதில் வினிகரில் போட்டிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

அடுத்து வார்ப்பிரும்பு. இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் கார்பன், 1 முதல் 3 சதவீதம் சிலிக்கான். கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் தகடுகளாக உள்ளே விரவிக் கிடக்கும். வார்த்த மேற்பரப்பில் மணலோடு உறவாடி உண்டான கெட்டித் தோல் ஒன்று இருக்கும். காற்றில் அது நன்றாகவே தடுக்கும். இரண்டு வார்ப்புகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றை லேத்தில் கடைந்தும் மற்றதைத் தோலோடும் விட்டால், கடைந்தது முதலில் சிவக்கும்.

ஆபத்து மண்ணிலும் தேங்கிய உப்புநீரிலும்தான். கிராஃபைட் கேத்தோடு, சுற்றியுள்ள இரும்பு ஆனோடு. இரும்பு கரைந்து போகும். கிராஃபைட் வலைப்பின்னல் மட்டும் துருவால் நிரம்பி அப்படியே நிற்கும். குழாயின் வடிவம் மாறாது, தடிமன் குறையாது, விளிம்பில் வார்த்த எழுத்துகள்கூட வாசிக்கும்படி இருக்கும். ஆனால் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினால் பென்சில் முனை போலச் சீவிக்கொண்டு வரும். இதற்குக் கிராஃபைட் அரிப்பு என்று பெயர். புதைத்த பழைய வார்ப்பிரும்புக் குழாய் பல பத்தாண்டு சும்மா இருந்துவிட்டு, மண் சற்று அசைந்தவுடன் ஒரே நாளில் உடைவதற்கு இது முக்கியக் காரணம். கடலடியிலிருந்து எடுத்த பழைய பீரங்கிக் குண்டுகள் காற்றுப் பட்டதும் கையில் தொட முடியாதபடி சூடானதாகப் பதிவுகள் உண்டு. பஞ்சுபோல ஆகிவிட்ட உட்புறம் திடீரென்று கிடைத்த ஆக்ஸிஜனை வேகமாக வாங்கிக்கொண்டதுதான் அந்தச் சூடு. பழைய வார்ப்பைச் சோதிக்கக் கண் போதாது. சுத்தியலால் தட்டுங்கள், நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், போனது மொத்தென்று ஒலிக்கும். பிறகு கூரான ஸ்கிரைபரால் குத்திப் பாருங்கள். டக்டைல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் உருண்டைகளாக இருப்பதால் உடையாமல் வளையும். அரிப்பு அதையும் விடாது, அதற்கும் பூச்சும் உறையும் வேண்டும்.

தேனிரும்பு இன்று புதிதாகக் கிடைப்பது அரிது, பழைய கட்டுமானங்களில் பார்க்கலாம். கார்பன் மிகக் குறைவு. நாரிழைகளாக நீண்ட கசடு ஓரிரு சதவீதம். துரு உள்ளே இறங்கும்போது கசடு இழை குறுக்கே நின்று அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதனால் குழி குறைவு, ஏடு ஏடாகப் பிரிவது அதிகம். அதற்காகத் துருப்பிடிக்காத இரும்பு என்று கொண்டாட முடியாது: 1889இல் தேனிரும்பால் எழுப்பிய ஈஃபெல் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சுமார் 60 டன் பெயின்ட் அடிக்கிறார்கள். டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டாகப் பெயின்ட் இல்லாமல் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம், இன்றைய எஃகில் இருப்பதைவிடப் பல மடங்கு. பாஸ்பேட் கலந்த மெல்லிய படலம் துருவுக்கும் உலோகத்துக்கும் இடையே படிந்து அடைத்துவிட்டது. நனைந்து காயும் சூழல் அந்தப் படலம் வளர உதவியது. அதே தூணைக் கடலுக்குள் நிறுத்தியிருந்தால் அந்தப் படலம் காப்பாற்றியிருக்காது.

டெல்லித் தூணின் தத்துவத்தைத் தொழிற்சாலையில் செய்ததுதான் வெதரிங் ஸ்டீல். கார்டென் என்ற வணிகப் பெயரில் 1930களில் வந்தது. செம்பு 0.25 முதல் 0.55 சதவீதம், அதோடு கொஞ்சம் குரோமியம், நிக்கல், சில வகைகளில் பாஸ்பரஸ். முதல் சில மாதம் மைல்ட் ஸ்டீலைப் போலத்தான் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடிக்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இரண்டிலிருந்து ஐந்து ஆண்டில் உட்புறத் துரு நுண்ணிய மணிகளால் இறுகி, அடர்பழுப்பாகி, பிறகு வேகம் வெகுவாகக் குறையும். இதில் மறக்கக் கூடாத சொல் 'காய்ந்து' என்பது. காயாத இடத்தில் வெதரிங் ஸ்டீலுக்கும் மைல்ட் ஸ்டீலுக்கும் வித்தியாசம் இல்லை. நீர் தேங்கும் மூலை, இலைச்சருகு சேரும் இடுக்கு, மண்ணில் புதையும் கால், உப்புக்காற்று வீசும் கடற்கரை ஆகிய எல்லாமே இதற்கு ஆகாது. ஹொனலூலுவில் 1975இல் திறந்த அலோஹா விளையாட்டரங்கில் இதைப் பெயின்ட் இல்லாமல் போட்டு, கடற்காற்றில் துரு அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்ததில் பெருஞ்செலவு ஆனது. தொட்டுப் பார்த்தே நிலைமையைச் சொல்லலாம்: துணியால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தூள் மட்டும் வந்தால் சரி, நகத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்தால் படலம் உருவாகவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் மழைநீர் துருவைக் கழுவிக்கொண்டு போய்க் கீழே உள்ள கான்கிரீட்டில் கறையாக்கும். சொட்டும் இடத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள எஃகை உருகிய துத்தநாகத்தில் முக்கினால் சராசரி 85 மைக்ரான் பூச்சு கிடைக்கும். மிதமான சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் தேயும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். தகரப் பூச்சில் நேர்மாறு: கீறல் விழுந்தால் வெளியே தெரியும் இரும்புதான் பலி. மின்முலாம் பூசிய பளபள ஆணியும் ஜி.ஐ. என்றே விற்கப்படும், ஆனால் அதில் துத்தநாகம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். தடிமன் கேட்காமல் வெளியிடத்துக்கு வாங்காதீர்கள்.

எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இரும்புதான், முக்கால் பங்குக்கு அருகில். குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால் மேற்பரப்பில் ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனுக்குக் குரோமியம் ஆக்சைடு படலம் தானாக உருவாகும்; கீறினாலும் ஆக்ஸிஜன் இருந்தால் உடனே திரும்ப மூடிக்கொள்ளும். இங்கே ஆக்ஸிஜனின் வேலை தலைகீழாகிவிடுகிறது: சாதாரண இரும்புக்கு எமன், எஸ்.எஸ்.ஸுக்கு உயிர். ஆகவே காற்றுப் புகாத இடுக்கில் எஸ்.எஸ். பலவீனம். அந்த இடுக்கில் குளோரைடும் சேர்ந்தால் படலம் உடைந்து, உள்ளே அமிலமாகி, மேலே ஊசித்துளை, அடியில் பள்ளம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

எந்த ரகம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எளிய எண் ஒன்று உண்டு: குரோமியம் சதவீதம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, அதோடு நைட்ரஜனின் 16 மடங்கு. 304க்கு இது 18 முதல் 20. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316க்குச் சுமார் 24. டூப்ளெக்ஸ் 2205 என்ற இன்னும் உயர்ந்த ரகத்துக்குச் சுமார் 35. நிலையாகக் கடல்நீரில் கிடக்க 40 தாண்ட வேண்டும். சாதாரண வெப்பநிலையில் நல்ல தண்ணீருக்கு, 304க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு, 316க்கு 1,000 என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. 'மரைன் கிரேடு' என்று சொல்லி விற்கும் 316 கடற்காற்றுக்கு ஆகும், கடல்நீர் தேங்கும் இடுக்குக்கு ஆகாது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201, 202 ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. அவை 304ஐவிடச் சீக்கிரம் கறைபடும். காந்தம் ஒட்டும் 430 வீட்டுக்குள் நன்றாகவே உழைக்கும். நல்ல 304ஐயே வளைத்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும்.

எஸ்.எஸ்.ஸில் துரு பார்த்தால் பத்தில் பல தடவை குற்றவாளி வெளியே இருக்கும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வூல், எம்.எஸ். வெட்டிய அதே கிரைண்டர் வீல், பக்கத்தில் வெட்டும்போது பறந்த பொறி எல்லாம் இரும்புத் துகளைப் பதித்துவிட்டுப் போகும். துருப்பிடிப்பது அந்தத் துகள். 4 முதல் 10 சதவீதச் சிட்ரிக் அமிலக் கரைசலில், அறை வெப்பத்தில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் துகள் போய்விடும். வெல்டிங் இடத்தில் துரு என்றால் வேறு காரணம். 450 முதல் 850 டிகிரி வரை சூட்டில் அதிக நேரம் இருந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து, உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் ஒதுங்கிவிடும். பக்கத்தில் குரோமியம் பற்றாக்குறை. வெல்டிங்குக்கு 0.03 சதவீதத்துக்கு மேல் கார்பன் இல்லாத 304 எல், 316 எல் வாங்குவது இதற்காக. வெல்டின் ஓரத்து வானவில் நிறத்தையும் பிக்லிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுத்துவிட வேண்டும், அதன் அடியிலும் குரோமியம் குறைவு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள கழுவும் திரவமும் பிளீச்சும் எஸ்.எஸ்.ஸுக்கு ஜன்ம விரோதிகள். அமிலத்தின் ஆவி பட்டாலே போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இழுவிசையில் இருக்கும் 304, 316 குளோரைடு பட்டு வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் விரிசல் விடுவது. 1985இல் ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் தொங்குகம்பிகள். துருவாத உலோகம் என்ற பெயரை நம்பி, எடை தாங்கும் பொருளை நீச்சல்குளத்துக் காற்றில் கண்காணிக்காமல் விடக் கூடாது.

இனி உங்கள் சோதனையைச் சீர்செய்வோம். 50 × 25 × 3 மி.மீ. துண்டுகள், ஒவ்வொரு உலோகத்துக்கும் குறைந்தது மூன்று. செதிலையும் வார்ப்புத் தோலையும் நீக்கி எல்லாவற்றையும் 120 நம்பர் உப்புத்தாளில் ஒரே மாதிரி தேயுங்கள், எஸ்.எஸ்.ஸுக்குப் புதுத் தாள். அசிட்டோனில் கழுவி, கையுறையோடு எடுத்து, மில்லிகிராம் வரை எடை போடுங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சதுர சென்டிமீட்டருக்கு 20 மி.லி. கரைசலாவது வேண்டும், இந்தத் துண்டின் பரப்பு 29.5 ச.செ.மீ., ஆகவே ஒன்றுக்கு 600 மி.லி. நைலான் நூலில் தொங்கவிடுங்கள், அடியில் கிடக்கக் கூடாது. வெவ்வேறு உலோகத்தை ஒரே பாத்திரத்தில் போடவே கூடாது: தொட்டுக்கொண்டால் கால்வானிக் ஜோடியாகி ஒன்று மற்றதைத் தின்னும், தொடாவிட்டாலும் எம்.எஸ். துரு எஸ்.எஸ். மேல் படிந்து குழப்பும்.

மூன்று வரிசை வையுங்கள்: முழுக்க மூழ்கியது, பாதி மூழ்கியது, தினமும் 15 நிமிடம் நனைத்து மீதி நேரம் காற்றில் காய்வது. பாதி மூழ்கியதில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஆழமாக அரித்திருக்கும். எவன்ஸின் சொட்டு இங்கே செங்குத்தாக நிற்கிறது. நனைந்து காய்வது மூழ்கியதைவிட வேகமாகப் போவதைப் பார்ப்பீர்கள், ஏனென்றால் மெல்லிய நீர்ப்படலத்தைத் தாண்ட ஆக்ஸிஜனுக்குச் சிரமமில்லை. வெதரிங் ஸ்டீலை இந்தச் சோதனையில் சேர்த்து ஏமாறாதீர்கள். உப்புநீர் அதற்கு எதிரி, நல்ல தண்ணீரில் பல மாதம் நனைத்துக் காய வைத்தால்தான் அதன் குணம் வெளிப்படும்.

30 நாள் கழித்துத் துருவைச் சுரண்டாதீர்கள், உலோகமும் சேர்ந்து வரும். லிட்டருக்கு 200 கிராம் டைஅமோனியம் சிட்ரேட் கரைத்து 75 முதல் 90 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, மெல்லிய நைலான் பிரஷால் எடுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அம்மோனியா வாசம் வரும். சோதனையில் போடாத சுத்தமான துண்டு ஒன்றையும் இதே கரைசலில் போட்டு, அது இழந்த எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்கு: எடையிழப்பு மில்லிகிராமை 87.6ஆல் பெருக்கி, அடர்த்தி (கன செ.மீ.க்கு எத்தனை கிராம்), பரப்பு (ச.செ.மீ.), மணி நேரம் மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை மி.மீ. என்று வரும். எம்.எஸ். துண்டு 720 மணி நேரத்தில் 230 மில்லிகிராம் இழந்ததாக வைத்துக்கொண்டால், அடர்த்தி 7.87க்கு விடை 0.12 மி.மீ. சாம்பல் வார்ப்பிரும்புக்கு அடர்த்தி 7.2 என்று போடுங்கள். கிராஃபைட் துண்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் வார்ப்பிரும்பின் எடையிழப்பு குறைவாகத் தோன்றும். ஆகவே அதை ஊசியால் குத்தி மென்மையான அடுக்கின் ஆழத்தையும் அளந்தால்தான் நியாயம்.

எஸ்.எஸ்.ஸில் எடையிழப்பு ஏறக்குறைய பூஜ்யம் வரும், அதை நம்பாதீர்கள். இன்னொரு துண்டு 304இன் நடுவில் ரப்பர் பேண்டை இறுக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி அதே உப்புநீரில் சில மாதம் விட்டுவிடுங்கள். பிறகு ரப்பரைக் கழற்றி, அது அழுத்திய கோட்டைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் முகம் பார்க்கும்படி பளபளக்கும்போது, அந்தக் கோட்டில் மட்டும் பழுப்பு விளிம்போடு கறுத்த சிறு பள்ளங்கள் தெரியலாம். தெரிந்தால் அவற்றின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 304க்கு உங்கள் அட்டவணையில் எழுத வேண்டிய எண் அதுதான்.